பூஞ்சை அமைலேஸ்: தவிட்டில் வளர்த்து, அளந்து, வேலை வாங்குவது எப்படி

சேலம், ஆத்தூர், ராசிபுரம் வட்டாரத்தில் ஸ்டார்ச் என்றால் குச்சிக்கிழங்கு ஸ்டார்ச்தான். நான் ஆய்வகம் பார்க்கும் கல்லூரியும் இந்தப் பக்கம்தான். அதனால் புராஜெக்ட் செய்யும் எம்.எஸ்சி. பிள்ளைகளும் சரி, சேகோ (ஜவ்வரிசி) மில்காரர்களும் சரி, ஒரே மாதிரி பாட்டிலோடு வருவார்கள். லேபிளில் 'ஃபங்கல் அமைலேஸ்', அதாவது ஸ்டார்ச்சை வெட்டும் பூஞ்சை நொதி, என்று மட்டும் இருக்கும். கையோடு ஒரு கேள்வியும் வரும்: "மேடம், அயோடின் போட்டுப் பாத்தோம், நீலம் சுத்தமா போயிடுச்சுங்க. எல்லாம் சக்கரை ஆயிடுச்சுன்னு எடுத்துக்கலாங்களா?"

எடுத்துக்கொள்ளக் கூடாது. நீலம் போனது குளுக்கோஸ் கோத்த ஸ்டார்ச் சங்கிலி துண்டாகிவிட்டது என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான். துண்டானது சர்க்கரையாக ஆனதா என்பது வேறு சோதனை. இந்த நொதியோடு வேலை செய்கிறவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்: எந்த நொதி எந்த இடம் வரை வெட்டும், எங்கே நிற்கும். அது தெரிந்தால் மாணவருக்கு அளவு சரியாக வரும், மில்லுக்குச் சரக்கு சரியாக வரும்.

கீழே சொல்வது கல்லூரி ஆய்வகத்தில் செய்யக்கூடிய முறை. பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஆட்டோகிளேவ், வாட்டர் பாத், சென்ட்ரிஃப்யூஜ், நிறத்தின் அடர்த்தியை அளக்கும் ஒரு கலரிமீட்டர் இருந்தால் போதும்.

எந்த அமைலேஸ் உங்கள் கையில் இருக்கிறது?

பூஞ்சையிலிருந்து வரும் ஸ்டார்ச் நொதிகளில் இரண்டு முக்கியம். ஒன்று ஆல்ஃபா அமைலேஸ். ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே என்ற பூஞ்சை இதை ஏராளமாகச் சுரக்கும். ஜப்பானில் சாக்கே, மிசோ, சோயா சாஸ் செய்ய அரிசியிலும் சோயாவிலும் வளர்க்கிற கோஜி பூஞ்சை இதுதான். இந்த நொதி ஸ்டார்ச் சங்கிலியை நடுநடுவே வெட்டும். கடைசியில் பெரும்பாலும் இரண்டு குளுக்கோஸ் சேர்ந்த மால்டோஸும், மூன்று குளுக்கோஸ் சேர்ந்த மால்டோட்ரையோஸும், கிளைப் பகுதி கொண்ட டெக்ஸ்ட்ரின் என்ற துண்டுகளும் மிஞ்சும். குளுக்கோஸ் கொஞ்சம்தான் வரும்.

இன்னொன்று குளுக்கோஅமைலேஸ். இதையே அமைலோகுளுக்கோசிடேஸ் என்றும் சொல்வார்கள். தொழிலில் பயன்படுவது பெரும்பாலும் ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜரிலிருந்து வருவது. இது சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்து, தொடுத்த பூச்சரத்தின் நுனியிலிருந்து ஒவ்வொரு பூவாக உதிர்ப்பது போல, ஒவ்வொரு குளுக்கோஸாகக் கழற்றும். கிளை பிரிகிற 1,6 பிணைப்பையும் வெட்டும், ஆனால் மெதுவாக.

இரண்டையும் 'ஃபங்கல் அமைலேஸ்' என்று விற்பார்கள். மால்டோஸ் சிரப் வேண்டியவர் குளுக்கோஅமைலேஸ் போட்டாலும், குளுக்கோஸ் வேண்டியவர் ஆல்ஃபா அமைலேஸ் போட்டாலும், அயோடின் இரண்டு பேருக்கும் நீலம் போய்விட்டது என்றே காட்டும். வித்தியாசம் சரக்கில்தான் தெரியவரும்.

தவிட்டில் வளர்ப்பது

ஜோகிச்சி டகாமினே என்ற ஜப்பானிய வேதியியலாளர் (அட்ரினலினைப் பிரித்தெடுத்தவரும் இவர்தான்) அமெரிக்காவில் பியோரியா நகரத்தில் விஸ்கிக்கு மால்ட்டுக்கு (முளைகட்டிய பார்லிக்கு) பதில் கோஜியைப் பயன்படுத்தப் பார்த்தார். கோதுமைத் தவிட்டில் பூஞ்சையை வளர்த்து நொதியை எடுக்கும் முறைக்கு 1894இல் காப்புரிமை வாங்கினார். பார்க்-டேவிஸ் நிறுவனம் அதை டாகா-டயாஸ்டேஸ் என்ற பெயரில் செரிமான மருந்தாக விற்றது. நுண்ணுயிரியிலிருந்து எடுத்த நொதி கடைக்கு வந்த வரலாறு அங்கேதான் தொடங்குகிறது. இன்றைக்கும் ஆய்வகத்தில் நாம் எடுப்பது அதே கோதுமைத் தவிடுதான்.

முதலில் வித்து (ஸ்போர்). வீட்டில் பூசணம் பிடித்த ரொட்டியிலிருந்தோ, கிடங்கில் பச்சை படிந்த சோளத்திலிருந்தோ பூஞ்சையை எடுக்கவே எடுக்காதீர்கள். ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசேக்கு மிக நெருங்கிய உறவு ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ். அது அஃப்ளடாக்சின் என்ற நஞ்சைச் சுரப்பது. கண்ணுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே தெரியும். சண்டிகரில் உள்ள எம்.டி.சி.சி. அல்லது புனேயில் உள்ள என்.சி.ஐ.எம். சேகரிப்பிலிருந்து, பெயரும் எண்ணும் உள்ள கல்ச்சரை வாங்குங்கள். இந்த விஷயத்தில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் அகாரில் சாய்வாக ஊற்றிய குழாயில் 30 டிகிரியில் ஐந்திலிருந்து ஏழு நாள் வளர்த்தால் மஞ்சள் கலந்த பச்சையாக வித்து படியும். 0.1 சதவீத ட்வீன் 80 கலந்த கிருமி நீக்கிய தண்ணீரை ஊற்றி, லூப்பால் மெதுவாகச் சுரண்டி எடுங்கள். ட்வீன் இல்லாமல் வெறும் தண்ணீர் ஊற்றினால் வித்து நனையாமல் மேலே மிதக்கும். ஹீமோசைட்டோமீட்டரில் எண்ணி ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் ஒரு கோடி வித்து இருக்கும்படி நீர்த்துக்கொள்ளுங்கள்.

250 மி.லி. கூம்புக் குடுவையில் 10 கிராம் கோதுமைத் தவிடு போடுங்கள். மாட்டுத் தீவனக் கடையில் கிடைக்கிற கரடுமுரடான தவிடுதான் நல்லது. நைசாக அரைத்தது களிபோல ஒட்டிக்கொள்ளும், உள்ளே காற்றுப் போகாது. 8 முதல் 10 மி.லி. வரை தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பிசையுங்கள். ஒரு பிடி எடுத்து அமுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரல் இடுக்கில் தண்ணீர் கசியக் கூடாது, விரலால் தட்டினால் உதிர வேண்டும். இந்தப் பதம் பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் சுலபம். தண்ணீர் கூடினால் பாக்டீரியா ஏறிப் புளித்த வாடை வரும். குறைந்தால் பூஞ்சை மேலாக மட்டும் படர்ந்து நின்றுவிடும்.

121 டிகிரியில் அரை மணி நேரம் ஆட்டோகிளேவ் செய்து, நன்றாக ஆறவிட்டு, கட்டியைத் தட்டி உதிர்த்து, 1 மி.லி. வித்துக் கரைசல் சேர்த்துக் குலுக்குங்கள். 30 டிகிரியில் வைத்துவிடலாம். ஒரு நாள் ஆனதும் குடுவையைத் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். பூஞ்சை மூச்சு விடுகிற சூடு அது. குடுவையை உள்ளங்கையில் தட்டி, வெள்ளையாகப் பின்னிக்கொண்ட தவிட்டைப் பிரித்து விட வேண்டும். அப்போதுதான் சூடு வெளியேறும், காற்றும் உள்ளே போகும். கோஜி போடுகிறவர்களும் நடுவில் கையால் கிளறிவிடுவது இதற்காகத்தான்.

மூன்றாம் நாள் பெரும்பாலும் எடுக்கலாம். நல்ல கோஜிக்கு ஒரு இனிப்பு கலந்த வாசம் உண்டு. முழுக்கப் பச்சை படியும் வரை காத்திருக்க வேண்டாம், வித்து அதிகமானால் கையாளுவதும் கஷ்டம். உங்கள் கல்ச்சருக்கு எந்த நாளில் உச்சம் என்று தெரிய வேண்டுமானால் ஒரே நேரத்தில் நான்கைந்து குடுவை போட்டு, 48 மணியிலிருந்து நாளுக்கு ஒன்றாக எடுத்து அளந்து பாருங்கள்.

தவிட்டுக்குப் பதில் திப்பி போடலாமா என்று இந்த வட்டாரத்தில் எல்லோரும் கேட்பார்கள். கிழங்கை அரைத்துப் பால் எடுத்த பிறகு மிஞ்சும் திப்பியில் பாதிக்கு மேல் ஸ்டார்ச்தான் இருக்கிறது, அதனால் பூஞ்சை நன்றாகவே வளரும். ஆனால் புரதம் மிகக் குறைவு. தனித் திப்பியில் நொதி கம்மியாகத்தான் வரும். கோதுமைத் தவிடோ கடலைப் புண்ணாக்கோ கலந்து போடுங்கள், வித்தியாசம் தெரியும்.

நொதியை எடுப்பது

10 கிராம் தவிட்டுக்கு 100 மி.லி. அசிட்டேட் பஃபர் ஊற்றி, அறை வெப்பத்தில் அரை மணி நேரம் ஷேக்கரில் வையுங்கள். பஃபர் 0.1 மோலார், பி.எச். 5.0. 0.2 மோலார் அசிட்டிக் அமிலம் 14.8 மி.லி., 0.2 மோலார் சோடியம் அசிட்டேட் 35.2 மி.லி. சேர்த்து 100 மி.லி. ஆக்கினால் கிடைத்துவிடும். மல் துணியில் வடித்துப் பிழிந்து, வந்த சாற்றை நிமிடத்துக்கு 8000 சுழற்சியில் 10 நிமிடம் சென்ட்ரிஃப்யூஜ் செய்தால் தேநீர் நிறத்தில் தெளிவான நீர் கிடைக்கும். இதுதான் உங்கள் கச்சா நொதி. ஐஸில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆல்ஃபா அமைலேஸின் உருவம் குலையாமல் நிற்க ஒரு கால்சியம் அயனி அதற்கு வேண்டும். ஆகவே கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ. சேர்த்த எந்தக் கரைசலும் பக்கத்தில் வரக் கூடாது. கால்சியம் குளோரைடு சேர்க்கிறவர்கள் பாஸ்பேட் பஃபரைத் தவிர்க்கவும், இரண்டும் சேர்ந்தால் வெள்ளையாகத் திரிந்து அடியில் படியும்.

அப்புறம், வித்து பறக்கும் வேலை முழுவதையும் முகக்கவசத்தோடு, முடிந்தால் லேமினார் மேடையில் செய்யுங்கள். காய்ந்த நொதித் தூள் அதைவிட மோசம். ஒரைசே அமைலேஸ் ஒவ்வாமையை உண்டாக்கும் பொருள் என்று மருத்துவத்தில் பதிவாகி, ஆஸ்ப் ஓ 21 என்ற பெயரும் பெற்றிருக்கிறது. பேக்கரி தொழிலாளிகளுக்கு வருகிற ஆஸ்துமாவுக்கு மாவுத் தூசி மட்டும் காரணமில்லை, மாவில் கலக்கிற இந்தத் தூளும் ஒரு காரணம்.

அயோடின் சோதனை

1 கிராம் கரையும் ஸ்டார்ச்சைக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கரைத்து, கொதிக்கும் பஃபரில் ஊற்றிக் கிளறி, கலங்கல் தெளியும் வரை கொதிக்கவிட்டு 100 மி.லி. ஆக்குங்கள். அன்றன்றைக்குச் செய்துகொள்வது நல்லது. ஃபிரிட்ஜில் வைத்தால் ஸ்டார்ச் திரும்பக் கூடிப் படிந்துவிடும், அதை நொதி சரியாகத் தொடாது.

அயோடின் கரைசலுக்கு முதலில் பொட்டாசியம் அயோடைடைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, அதில் அயோடினைப் போடுங்கள். நேராகத் தண்ணீரில் போட்டால் எவ்வளவு குலுக்கினாலும் கரையாது. லேசான மஞ்சளாகத் தெரியும் வரை நீர்த்து, வெள்ளை ஓட்டுக் குழிகளில் ஒவ்வொரு சொட்டு விட்டு வையுங்கள். 40 டிகிரி வாட்டர் பாத்தில் 10 மி.லி. ஸ்டார்ச்சோடு 1 மி.லி. நீர்த்த நொதியைச் சேர்த்து, அரை நிமிடத்துக்கு ஒரு சொட்டு எடுத்து அடுத்தடுத்த குழியில் விட்டுக்கொண்டே போங்கள்.

முதல் குழி மைநீலம். அப்புறம் ஊதா, அப்புறம் கத்தரிப்பூவிலிருந்து செம்பழுப்பு, பிறகு அயோடினின் மஞ்சள் மட்டும். முதல்முறை பார்க்கிற பிள்ளைகள் ஓட்டை விட்டு நகர மாட்டார்கள், எனக்கும் இன்னும் அலுக்கவில்லை. ஒவ்வொரு நிறமும் ஒரு சங்கிலி நீளம். சுமார் 45 குளுக்கோஸுக்கு மேல் நீளமாக இருந்தால்தான் நல்ல நீலம். 20, 30 அளவில் சிவப்பு. ஏறக்குறைய 12க்குக் கீழே போனால் நிறமே இல்லை. அதாவது பத்து குளுக்கோஸ் கோத்த டெக்ஸ்ட்ரின் குடுவை நிறைய இருந்தாலும் அயோடின் வாய் திறக்காது. நடுவில் வெட்டும் ஆல்ஃபா அமைலேஸ் சில வெட்டுகளிலேயே இந்த எல்லையைத் தொட்டுவிடும், அப்போது சர்க்கரை இன்னும் கொஞ்சம்தான் வந்திருக்கும். குளுக்கோஅமைலேஸ் நுனியிலிருந்து வருவதால் நீலம் நெடுநேரம் நிற்கும், அதற்குள் குளுக்கோஸ் ஏறிக்கொண்டே இருக்கும். பெயர் தெரியாத பாட்டில் கைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது இந்த வித்தியாசத்தைத்தான்.

அயோடின் தவறாகச் சொல்லும் இடம் இன்னும் இரண்டு உண்டு. சூடான கரைசலில் நீலம் வராது, ஆறிய பிறகு வரும். மில்லில் கொதிகலன் பக்கத்திலேயே நின்று சொட்டு விட்டுப் பார்த்தவர்கள் ஸ்டார்ச் தீர்ந்துவிட்டது என்று சொல்வதற்குக் காரணம் இது. மற்றொன்று காரம். கார நிலையில் அயோடினே மாறிப்போய்விடும். மாதிரியை ஒரு சொட்டு நீர்த்த அமிலத்தால் சரிசெய்துவிட்டுப் பாருங்கள்.

எத்தனை யூனிட்?

எண் வேண்டும் என்றால், வெளிவந்த சர்க்கரையை நிறத்தால் அளக்கும் டி.என்.எஸ். முறை. 1 கிராம் டைநைட்ரோசாலிசிலிக் அமிலத்தை 20 மி.லி. 2 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்து, 30 கிராம் ரோஷெல் உப்பைத் தனியாக 50 மி.லி. தண்ணீரில் கரைத்துச் சேர்த்து, 100 மி.லி. ஆக்கி பழுப்பு பாட்டிலில் வையுங்கள்.

குழாயில் 0.5 மி.லி. ஸ்டார்ச் எடுத்து 40 டிகிரிக்கு வந்ததும் 0.5 மி.லி. நொதி. சரியாக 10 நிமிடத்தில் 1 மி.லி. டி.என்.எஸ். விட்டால் காரத்தில் நொதி அங்கேயே நின்றுவிடும். கொதிநீரில் 5 நிமிடம், ஆற வைத்து 8 மி.லி. தண்ணீர், 540 நேனோமீட்டரில் அளவு. மால்டோஸில் 0.2 முதல் 2 மில்லிகிராம் வரை இதேபோல் செய்து கோடு வரைந்துகொள்ளுங்கள்.

பிளாங்க் (கழித்துப் பார்க்க வைக்கும் ஒப்பீட்டுக் குழாய்) பற்றி ஒரு வார்த்தை. தவிட்டுச் சாற்றில் ஏற்கெனவே சர்க்கரை இருக்கிறது. ஆகவே வெறும் ஸ்டார்ச் பிளாங்க் போதாது. டி.என்.எஸ். முதலில், நொதி பிறகு என்று மாற்றி விட்ட குழாய் ஒவ்வொரு மாதிரிக்கும் வேண்டும். புராஜெக்ட் புத்தகங்களில் நம்ப முடியாத அளவுக்குப் பெரிய எண்களைப் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது இந்தக் குழாயைத்தான். இன்னொன்று, வாயால் பிப்பெட்டை உறிஞ்சக் கூடாது. பாதுகாப்புக்காக மட்டும் சொல்லவில்லை, எச்சிலில் இருப்பதும் ஆல்ஃபா அமைலேஸ்தான்.

கணக்கு இப்படி. நிமிடத்துக்கு ஒரு மைக்ரோமோல் மால்டோஸ் வந்தால் அது ஒரு யூனிட். நொதியை 100 மடங்கு நீர்த்திருக்கிறீர்கள், கோட்டிலிருந்து 0.9 மி.கி. மால்டோஸ் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பாட்டிலில் இருப்பது நீர் சேர்ந்த மால்டோஸ் என்றால் மூலக்கூறு எடை 360. ஆக 2.5 மைக்ரோமோல். 10 நிமிடத்தால் வகுத்தால் 0.25. எடுத்தது 0.5 மி.லி., எனவே மில்லிலிட்டருக்கு 0.5 யூனிட். 100 மடங்கு நீர்த்ததால் 50 யூனிட். 10 கிராமுக்கு 100 மி.லி. எடுத்திருக்கிறோம், ஆகவே கிராம் தவிட்டுக்கு 500 யூனிட்.

இந்த எண்ணை நம்பலாமா என்று பார்க்க, 5 நிமிடத்துக்கும் ஒரு குழாய் போடுங்கள். அதில் பாதி சர்க்கரை வர வேண்டும். பாதிக்கும் மேல் வந்தால் 10 நிமிடத்தில் நொதி ஏற்கெனவே தளர்ந்துவிட்டது என்று அர்த்தம், இன்னும் நீர்த்துச் செய்ய வேண்டும்.

டி.என்.எஸ். மால்டோஸையும் பார்க்கும், குளுக்கோஸையும் பார்க்கும், எது எது என்று பிரித்துச் சொல்லாது. குளுக்கோஸ் மட்டும் எவ்வளவு என்று தெரிய, ரத்தச் சர்க்கரை பார்க்கிற பரிசோதனைக்கூடங்களில் உள்ள ஜி.ஓ.டி.-பி.ஓ.டி. கிட் போதும். நொதியைக் கொதிநீரில் வைத்து நிறுத்திய பிறகு அதே கலவையை அதில் அளந்து பாருங்கள். டி.என்.எஸ்.ஸில் நிறைய, கிட்டில் கொஞ்சம் என்றால் ஆல்ஃபா அமைலேஸ் வேலை செய்திருக்கிறது. இரண்டிலும் நிறைய என்றால் குளுக்கோஅமைலேஸ். கச்சாச் சாற்றில் இரண்டும் கலந்தே இருக்கும்.

வாங்குகிற பாட்டிலில் 'டயாஸ்டேஸ் 1:1200' என்று பார்த்திருப்பீர்கள், மருந்துக்கடை செரிமான சிரப் அட்டையிலும் இருக்கும். ஒரு பங்கு நொதி 1200 பங்கு ஸ்டார்ச்சைச் செரிக்கும் என்று அதற்குப் பொருள். அதை நேரடியாக யூனிட்டாக மாற்ற முடியாது, உங்கள் பஃபரில் உங்கள் வெப்பத்தில் நீங்களே அளந்துகொள்ள வேண்டும்.

திப்பியில் ஸ்டார்ச் எவ்வளவு?

மில்காரர்களுக்கு நேரடியாகப் பணமாகிற அளவு இது. திப்பியில் போகிற ஸ்டார்ச் அவர்கள் சேகோவாக ஆகாமல் போகிற ஸ்டார்ச். அயோடினால் 'இருக்கிறது' என்று சொல்லலாம், எவ்வளவு என்று சொல்ல முடியாது.

காயவைத்து நைசாக அரைத்த திப்பி 100 மி.கி. எடுத்து, 80 சதவீத எத்தனாலில் கழுவி முன்பே இருக்கும் சர்க்கரையை நீக்குங்கள். வெப்பம் தாங்கும் பாக்டீரியா ஆல்ஃபா அமைலேஸ் சேர்த்துக் கொதிநீரில் வையுங்கள், முதல் சில நிமிடம் நன்றாகக் கலக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் கட்டி பிடித்து உள்ளே ஸ்டார்ச் ஒளிந்துகொள்ளும். இந்த இடத்தில் பூஞ்சை ஆல்ஃபா அமைலேஸ் உதவாது, கொதிநீரில் அது உடனே செத்துவிடும். பிறகு 50 டிகிரிக்கு இறக்கி, பி.எச். 4.5க்குக் கொண்டுவந்து, பூஞ்சைக் குளுக்கோஅமைலேஸ் சேர்த்து அரை மணி நேரம். 100 மி.லி. ஆக்கி வடிகட்டி, கிட்டில் குளுக்கோஸை அளக்கவும். நொதியில் ஒட்டியிருக்கும் குளுக்கோஸுக்கும் ஒரு பிளாங்க் வேண்டும்.

வந்த குளுக்கோஸை 0.9ஆல் பெருக்குங்கள். ஒவ்வொரு பிணைப்பு அறும்போதும் ஒரு தண்ணீர் மூலக்கூறு சேர்வதால் 162 எடையுள்ள ஸ்டார்ச் அலகு 180 எடையுள்ள குளுக்கோஸாகிறது. 63 மி.கி. குளுக்கோஸ் வந்தால் ஸ்டார்ச் 56.7 மி.கி. 100 மி.கி. மாதிரியில் 56.7 சதவீதம். இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் 100 கிலோ உலர்ந்த ஸ்டார்ச்சிலிருந்து அதிகபட்சம் 111 கிலோ குளுக்கோஸ்.

தொழிற்சாலையில்

முன்பெல்லாம் ஸ்டார்ச்சை அமிலம் போட்டு வேகவைத்துத்தான் குளுக்கோஸ் எடுத்தார்கள். அமிலத்தில் ஓரளவுக்கு மேல் போனால் நிறம் கறுக்கும், கசப்பு ஏறும். 1960களில் குளுக்கோஅமைலேஸ் வந்த பிறகுதான் அந்தக் கட்டு உடைந்தது. இப்போதைய முறையில் 30 முதல் 35 சதவீத ஸ்டார்ச் கூழை, வெப்பம் தாங்கும் பாக்டீரியா அமைலேஸோடு ஜெட் குக்கரில் 105 டிகிரியில் சில நிமிடம் வைத்து, பிறகு 95 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் விடுவார்கள். இது திரவமாக்கும் கட்டம். நீலம் இங்கேயே போய்விடும். ஆனால் இந்தக் கட்டத்தில் டி.இ. (டெக்ஸ்ட்ரோஸ் ஈக்விவலன்ட், சர்க்கரையாக உடைந்த அளவைக் காட்டும் எண்) 8 முதல் 12 வரைதான், தூய குளுக்கோஸ் என்றால் 100. தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு நான் ஏன் அவ்வளவு அழுத்தமாக இல்லை என்றேன் என்பது இந்த எண்ணிலேயே இருக்கிறது.

அடுத்து 60 டிகிரிக்கு ஆறவைத்து, பி.எச். 4.2 முதல் 4.5, குளுக்கோஅமைலேஸ். இரண்டு மூன்று நாள் பிடிக்கும். குளுக்கோஸ் 95, 96 சதவீதம் வரை ஏறும். நொதியை அதிகம் போட்டு இன்னும் நேரம் விட்டால் 100 வரும் என்று நினைப்பவர்கள் உண்டு. வராது, குறையத் தொடங்கும். இவ்வளவு அடர்த்தியில் அதே நொதி குளுக்கோஸைத் திரும்ப ஒட்டி ஐசோமால்டோஸ் ஆக்கிவிடும். நேரத்துக்கு நேரம் எடுத்து அளந்து, உச்சத்தில் சூடேற்றி நிறுத்துவதுதான் வழி. கிளைகளை வெட்டும் புல்லுலனேஸைச் சேர்த்துக் குளுக்கோஅமைலேஸின் அளவைக் குறைப்பதும் இதற்காகவே.

மால்டோஸ் மிகுந்த சிரப் வேண்டுமானால் இரண்டாம் கட்டத்தில் ஒரைசே ஆல்ஃபா அமைலேஸ், 50 முதல் 55 டிகிரி, பி.எச். 5 முதல் 5.5. மிட்டாய் செய்கிறவர்களுக்கு இது நல்லது, காற்றில் ஈரம் இழுப்பது குறைவு.

பேக்கரியில் இந்த நொதி வெப்பம் தாங்காமல் இருப்பதுதான் அதன் சிறப்பு. மாவு அரைக்கும்போது உடைந்த ஸ்டார்ச் மணிகளை அது வெட்டி ஈஸ்ட்டுக்கு மால்டோஸ் தருகிறது. அடுப்பில் ரொட்டியின் உள்சூடு 60 தாண்டி ஸ்டார்ச் வேகத் தொடங்கும் நேரத்தில் அது செயலிழந்துவிடும். பாக்டீரியா அமைலேஸ் என்றால் அதற்குப் பிறகும் வெட்டிக்கொண்டே இருந்து ரொட்டி உள்ளே பிசுபிசுப்பாகிவிடும், கத்தியில் ஒட்டும்.

ஈரோடு, குமாரபாளையம் பக்கத்து ஆட்கள் கேட்பது துணியில் கஞ்சி எடுப்பது பற்றி. பாவில் ஏற்றிய ஸ்டார்ச் கஞ்சியை நொதியால் கரைத்து வெந்நீரில் அலச வேண்டும், அலசாமல் விட்டால் டெக்ஸ்ட்ரின் துணியிலேயே காயும். சூடான தொட்டிக்குப் பாக்டீரியா அமைலேஸ்தான் பொருத்தம். கஞ்சி நீங்கியதா என்று பார்க்க அயோடின் சொட்டு விட்டு டெகேவா ஊதா அட்டவணையோடு ஒப்பிடுவார்கள், 1 என்றால் முழுக் கஞ்சி, 9 என்றால் சுத்தம். துணியில் காரம் இல்லாமல் அலசிவிட்டுச் சொட்டு விடுங்கள். பி.வி.ஏ. (பாலிவினைல் ஆல்கஹால்) ஏற்றிய நூலில் எந்த அமைலேஸ் போட்டும் பயனில்லை, அது ஸ்டார்ச்சே இல்லை.

மூலக்கூறு உயிரியல் பிள்ளைகளுக்கும் இந்தப் பூஞ்சை கொடுத்தது அதிகம். டாகா-டயாஸ்டேஸ் தூளுக்குள் இருந்துதான் 1957இல் ஆர்.என்.ஏ.வை வெட்டும் ஆர்.என்.ஏஸ் டி1, 1966இல் ஒற்றை இழை டி.என்.ஏ.வை வெட்டும் எஸ்1 நியூக்ளியேஸ் இரண்டையும் பிரித்தெடுத்தார்கள். கச்சாத் தூளில் புரதத்தை வெட்டும் நொதிகளும் கூடவே இருக்கும். உங்கள் சாறு ஃபிரிட்ஜில் நாளாக ஆக யூனிட் இறங்குவதற்கு அவையும் காரணம். அதனால் சிறு சிறு குழாய்களில் பிரித்து உறையவைத்து, வேண்டியதை மட்டும் உருக்குங்கள். உருக்கியதைத் திரும்ப உறையவைக்க வேண்டாம். வேலை முடிந்த தவிட்டையும் குடுவையையும் குப்பைக்குப் போகுமுன் 121 டிகிரியில் மறுபடி ஆட்டோகிளேவ் செய்துவிடுங்கள். பக்கத்து மேசையில் திறந்து வைத்த ஊடகத்தட்டு எல்லாவற்றிலும் அடுத்த வாரம் பச்சை பூக்காமல் இருக்க வேண்டுமே.